அழித்துவிட்ட மன்னிப்பு

கிள்ளானில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் கிடைத்த கையோடு அடுத்த போன் சிவநேசனுக்குத்தான் போகும். மேடை நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பதில் அவரை விட்டால் ஆளில்லை என்று பெயர். வார நாட்களில் அவர் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. சனி, ஞாயிறு வந்துவிட்டால் பட்டு ஜிப்பாவும் ஒலிவாங்கியுமாக வேறு மனிதர். ஐம்பத்திரண்டு வயதிலும் குரல் கனிந்திருந்ததே தவிரத் தளரவில்லை. "இதோ, மணமக்கள் உங்கள் முன்னால்" என்று அவர் சொல்லும்போது, பிரியாணிக்கு முண்டிக்கொண்டு நிற்கிறவர்கள்கூட ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் மண்டபத்துக்கு மண்டபம் அதைப் பற்றிக் கேட்டார்கள். பெண்கூடப் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் கேட்பது தானாக நின்றது.

மேரு போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடொன்றில் அவரும் ரவிசங்கரும் பதினேழு வருஷமாக ஒன்றாக இருந்தார்கள். ரவி தமிழ்ப்பள்ளியில் கணித ஆசிரியர். அக்கம் பக்கத்தில் கேட்டால், "கூட்டாளிங்க, ரெண்டு பேரும் பெச்சலர், வாடகைய பங்கு போட்டுக்கறாங்க" என்று சொல்வார்கள். பின்னறையில் ரவியின் கட்டில் என்று ஒன்று இருந்தது. விரிப்பு மடிப்புக் கலையாமல், தலையணை அமுங்காமல் இருக்கும். ரவியின் அக்கா தனலெட்சுமி சுபாங் ஜெயாவிலிருந்து எப்போதாவது வந்தால் பார்ப்பதற்காக அது. தெரிந்தவர் வீட்டுக் கல்யாணங்களுக்கு இருவருக்கும் அழைப்பு வரும். ரவி கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தன் காரில் தனியாகப் போய்விடுவார். சிவநேசன் பின்னால் தன் காரில் வருவார். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் ரவி சொல்வார், "மாமா வரிசைய ரெண்டு தடவ கூப்பிட்ட, கவனிச்சியா?"

அவ்வளவுதான் அவர்கள் வாழ்க்கை. அதில் குறையென்று சிவநேசனுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. தோன்றினாலும் சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது.

தாய்லாந்தில் புதிய கல்யாணச் சட்டம் அமலுக்கு வந்த வருஷம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த இணையத் தொலைக்காட்சிக்காரர்கள் அவரைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். கல்யாண மேடை அனுபவங்களைச் சொல்லச் சொன்னார்கள். தாலி மறந்துபோன கதை, மாப்பிள்ளை மயங்கி விழுந்த கதை என்று அவர் சொல்லச் சொல்ல, பேட்டி எடுத்த இளம்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். முடிக்கிற நேரத்தில், கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இப்போ தாய்லாந்துல ஆம்பளையும் ஆம்பளையும், பொம்பளையும் பொம்பளையும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு சட்டம் வந்திருக்கே. அத பத்தி என்னா நெனைக்கறீங்க?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். சிவநேசனும் மழுப்பத்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரு சேர்ந்து வாழறோம்னு நாலு பேரு முன்னால சொல்ல ஆசைப்படறாங்க. அதுல என்னாம்மா தப்பு? நம்ம நாட்டுல சட்டம் எடம் குடுக்கல, சரி. ஆனா அந்தச் சட்டம் மாறலாம்னு வாய தொறந்து பேசறதுக்குக் கூடவா பயப்படணும்?"

அந்தப் பெண் தலையாட்டி, நன்றி சொல்லி முடித்துவிட்டாள். அவர் படி இறங்கி, கீழே தேநீர்க் கடையில் ஒரு தே தாரே குடித்தார்.

பேட்டி முழுதாக ஒரு மணி நேரம் ஓடியது. ஊர் பார்த்தது அந்தச் சின்னத் துண்டை மட்டும்தான். யாரோ வெட்டி எடுத்து, கீழே சிவப்பு எழுத்தில் தலைப்பு வைத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் கல்யாண வீடுகளிலிருந்து போன் வரத் தொடங்கியது. "அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க, எங்க பெரியப்பா ஒரு மாதிரி." "அண்ணே, மாப்பிள்ளை வீட்டுல வேற ஆளப் பாத்துட்டாங்களாம்." சிலர் போன்கூடச் செய்யவில்லை. அலுவலகத்தில் சீன முதலாளி மட்டும், "நீ என்னா பேசினியோ எனக்குத் தெரியாது லா, கொண்டெய்னர் வந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் மனிதத்தனமாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு யாரோ போலீஸில் ரிப்போர்ட் செய்தார்கள். வாக்குமூலம் கொடுக்க வரச் சொன்னார்கள். விசாரித்த அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் நடத்தினார். புகாரோடு சேர்த்துச் சிவநேசனின் பேச்சை மலாய் மொழியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி அதைப் படித்துக் காட்டினார். "மாறலாம்" என்று அவர் சொன்னது, "மாற்றியே தீர வேண்டும், எல்லாரும் கிளம்புங்கள்" என்பதுபோல் ஆகியிருந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று தன் அரைகுறை மலாயில் விளக்கப் பார்த்தார். கல்யாண மேடைகளில் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவருக்கு, அங்கே மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் வரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். கடைசியில், சோதனைக்கு என்று கைபேசியை வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதை ரவியிடம் சொன்னார்.

"போனையா? போன குடுத்துட்டு வந்தியா?"

"கேட்டாங்க. குடுக்காம எப்படி?"

"அதுல என்னென்னா இருக்குன்னு தெரியுமா சிவா? லங்காவி போனப்ப எடுத்த படம் இருக்கு. நான் அனுப்பினது எல்லாம் இருக்கு."

"நான் பேசினத பத்தித்தானே கேஸு. அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"பாத்தா? பேசறதுக்கு ஒரு சட்டம்னா, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வேற சட்டம் வச்சிருக்கான். அது ஒனக்குத் தெரியாதா?"

சிவநேசனுக்குத் தெரியும். பதினேழு வருஷமாக அந்த இரண்டாவது கட்டிலின் விரிப்பைச் சரிசெய்துவந்த கைக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் ரவி அதை வாய்விட்டுச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டார்.

அடுத்த வாரம் தம்புசாமி வந்தார். மண்டபம் வைத்திருக்கும் சங்கத்தின் தலைவர். சிவநேசனைச் சின்ன வயதிலேயே மேடையேற்றிவிட்டவர். கெட்ட மனிதர் இல்லை. கையில் ஒரு பை பழத்தோடுதான் வந்தார். ரவி தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டார்.

"சிவநேசா, ஒன்ன எனக்குத் தெரியும். நீ ஏதோ வாய் தவறிப் பேசிட்ட. அத பெருசாக்கறானுங்க. ஒரு சின்ன வீடியோ போடு. மன்னிச்சுக்குங்கன்னு சொல்லு. எல்லாம் அடங்கிரும். ரிப்போர்ட் போட்டவங்ககிட்ட நானே பேசறேன்."

"அண்ணே, நான் வாய் தவறிப் பேசலண்ணே."

தம்புசாமி பார்வையை மெல்ல அடுப்படிப் பக்கம் திருப்பி, உடனே எடுத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரிய வேணாம் தம்பி. தெரியாமலே இருக்கட்டும். என்னா சொல்லணும்னு நான் எழுதி அனுப்பறேன். வாத்தியாருக்கும் அது நல்லது."

அவர் போனபின் தேநீர் அப்படியே இருந்தது. ரவி கோப்பையை எடுத்துக் கழுவினார். கழுவிக்கொண்டே பேசினார்.

"நேத்து பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளையோட அப்பா வந்தாரு. 'சார், நீங்க யாரோட தங்கியிருக்கீங்க'ன்னு கேட்டாரு. தலைமையாசிரியர் பக்கத்துல நிக்கறாரு. நான் என்னா சொல்லணும்?"

"நான் ஒன்ன பத்தி ஒரு வார்த்த சொல்லலயே ரவி."

"நீ சொல்லல. ஆனா எல்லாருக்கும் கேட்டுடுச்சு." ரவி குழாயை மூடினார். "நீ யாருக்காகப் பேசின? எனக்காகவா? நான் கேட்டேனா?"

யாருக்காகப் பேசினோம் என்று சிவநேசனுக்கே தெரியவில்லை. ஒரு கேள்வி வந்தது, உண்மையான பதில் முந்திக்கொண்டது. அதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை.

"எனக்காகப் பேசினேன்னு சொல்றதா இருந்தா," ரவி துண்டில் கையைத் துடைத்தார், "எனக்காக அவரு எழுதி அனுப்பறதையும் படிச்சுரு."

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் ஒளிப்பதிவு செய்தார்கள். சிவநேசனின் போன் இன்னும் காவல் நிலையத்தில் இருந்ததால், ரவி தன் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். தம்புசாமி அனுப்பிய வாசகத்தைச் சிவநேசன் இரண்டு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை தாள் தேவைப்படவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விபூதி பூசியிருந்தார்.

"பேசு," என்றார் ரவி.

சிவநேசன் பேசினார். "அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு பேட்டியில் நான் கூறிய கருத்து பலரின் மனத்தைப் புண்படுத்தியிருப்பதை அறிகிறேன். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழ்வது நம் பண்பாட்டுக்கும் சமயத்துக்கும் ஒவ்வாதது, வெட்கப்படத்தக்கது, நம் பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாதது என்பதே என் உறுதியான எண்ணம்…"

தடுமாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தடுமாறவில்லை. முப்பது வருஷப் பழக்கம். எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும், எங்கே ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பது அந்தத் தொண்டைக்குத் தானாகத் தெரிந்திருந்தது. 'வெட்கப்படத்தக்கது' என்ற இடத்தில் உண்மையாகவே வெட்கம் வந்தது. 'உறுதியான எண்ணம்' உறுதியாகவே ஒலித்தது. கடைசியில் கைகூப்பினார்.

ரவி போனைத் தாழ்த்தவில்லை. சிவநேசன் கையை இறக்கிய பிறகும் அது அப்படியே அவர் முகத்துக்கு நேராக நின்றது.

"முடிஞ்சுது ரவி."

"நல்லா வந்திருக்கு," என்றார் ரவி. குரல் எங்கிருந்தோ வந்ததுபோல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, பதிவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். அறையில் சிவநேசனின் குரல் இன்னொரு முறை ஓடியது. ரவி அசையாமல் கேட்டார். முடிந்ததும் விரலால் ஏதோ தட்டினார்.

"அனுப்பிட்டியா?"

"அழிச்சுட்டேன்."

"ஏன்? இன்னொரு தடவ எடுக்கவா?"

"வேணாம்." ரவி நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "இத எத்தன பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். எங்கப்பா சொல்லியிருக்காரு, சாமி கும்பிடற எடத்துல சொல்லியிருக்காங்க. ஒன் வாயால கேட்டதில்ல. நீ சொன்னா நெஜம் மாதிரியே இருக்கு சிவா."

"நீதானே படிக்கச் சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன். யாரு இல்லன்னா?"

சிவநேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரவியின் தோளில் கையை வைத்தார். ரவி கையைத் தட்டிவிடவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை. வெளியே காய்கறி லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தெருவைக் கடந்தது. அது போய் மறைந்த பிறகு ரவி சொன்னார்.

"இத அனுப்பியிருந்தா நான் இங்க இருந்திருக்க முடியாது. அனுப்பலன்னாலும் இருக்க முடியாது. எனக்கு வேல போயிரும். நான் கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்."

"கொஞ்ச நாளைக்கா?"

"அப்படித்தான் சொல்லணும் இல்ல?"

தனலெட்சுமியின் மகன் வேன் கொண்டுவந்தான். ரவியின் சாமான் என்று பார்த்தால் பின்னறையில் காட்சிக்கு இருந்தவைதான் போயின. கட்டில், மேசை, தொங்கிக்கொண்டிருந்த நாலு சட்டை. உண்மையில் அவர் புழங்கிய எதையும் அந்தப் பையன் முன்னால் முன்னறையிலிருந்தோ அவர்கள் அறையிலிருந்தோ எடுக்க முடியவில்லை. கண்ணாடிக் கூடு, படித்துக்கொண்டிருந்த புத்தகம், தேய்ந்த செருப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. "வரேண்ணே," என்று பையனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு ரவி வேனில் ஏறினார். பதினேழு வருஷத்தில் அவர் சிவநேசனை அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மன்னிப்பு வீடியோ வரவில்லை என்று தம்புசாமி ஒரு முறை கேட்டார். "இல்லண்ணே, அது என்னால முடியாதுண்ணே," என்றார் சிவநேசன். அதன் பிறகு தம்புசாமி வரவில்லை. சங்கத்து மண்டபத்தில் புதிதாக ஓர் இளைஞன் அறிவிப்பாளராக வந்தான். சில மாதம் கழித்து, மேல் நடவடிக்கை இல்லை என்று சொல்லிப் போலீஸில் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். லங்காவிப் படங்கள் அப்படியே இருந்தன. யாராவது பார்த்தார்களா இல்லையா என்பது தெரியவே போவதில்லை. ரவிக்கு உடனே செய்தி அனுப்பினார்: 'கேஸ் இல்லை. முடிந்தது.' 'நல்லது' என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ரவிக்கு முடிந்தபாடில்லை என்று அவருக்குப் புரிந்தது. பிள்ளைகளின் அப்பாமார்கள் இருந்தார்கள், தலைமையாசிரியர் இருந்தார், அக்கா இருந்தார்.

சனி, ஞாயிறுதான் கொடுமையாக இருந்தது. தெருவில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டும் மல்லிகையுமாகக் கார் ஏறுவதைச் சன்னலில் பார்ப்பார். சமைப்பார், பாதியைக் கொட்டுவார். சில நாள் பேசவே ஆளில்லாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை அலுவலகத்தில் "குட் மார்னிங்" சொல்லும்போது தொண்டை கரகரக்கும். ஒரு முறை பத்துமலைக் கோயிலுக்குப் போனார். படி ஏறி, கும்பிட்டு, இறங்கும்போது எதிரே வந்த ஒரு குடும்பம் அடையாளம் கண்டு கிசுகிசுத்தது. அதிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நின்று, "ஒங்க கொரல கேட்டு ரொம்ப நாளாச்சு," என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஏறிப் போய்விட்டார்.

வருஷக் கடைசியில் அமுதவள்ளி என்றொரு பெண் போன் செய்தாள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை செய்கிறாளாம். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணே, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில மத்தியானம் சின்ன விருந்து வச்சிருக்கோம். நானும் மலர்விழியும். கல்யாணம்னு சொல்ல முடியாது, பதியவும் முடியாது. எங்களுக்குத் தெரியும். ஆனா யாராச்சும் ஒருத்தர் எழுந்து நின்னு எங்க பேரச் சொன்னா நல்லாயிருக்கும். நீங்க வர முடியுமா?"

சிவநேசன் ஜிப்பாவைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயிலில் போனார். மாடியில் மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டு வாழை இலை விரித்திருந்தார்கள். ஒரு கை விரல்களை இரண்டு தரம் மடக்கினால் எண்ணி முடிக்கிற அளவுக்குத்தான் ஆட்கள். எல்லாரும் சிநேகிதர்கள். மலர்விழியின் அம்மா மட்டும் ஓர் ஓரமாக, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் வந்திருந்தார்.

"அண்ணே, மைக் வேணாம்," என்றாள் அமுதவள்ளி காதோடு. "கீழ ஆளுங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க."

அவர் எழுந்து நின்றார். மேடை முழக்கத்துக்குப் பழகிய குரலை எவ்வளவு இறக்குவது என்று முதலில் பிடிபடவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த வாசகங்கள் எதுவும் அங்கே பொருந்தவில்லை. அக்கினி சாட்சி இல்லை, பதிவதிகாரி இல்லை, இரு வீட்டார் அழைப்பு இல்லை.

"இவங்க மலர்விழி. இவங்க அமுதவள்ளி," என்றார் தாழ்ந்த குரலில். "ரெண்டு பேரும் இனிமே சேர்ந்து வாழப் போறாங்க. அத ஒங்க முன்னால சொல்லணும்னு ஆசைப்பட்டாங்க. சொல்லிட்டேன். நல்லா இருங்கம்மா."

யாரும் கைதட்டவில்லை. கீழே கேட்டுவிடும் என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது. மலர்விழி அழுதாள். அவள் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, நீட்டாமல், மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

சாப்பிடும்போது அமுதவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பரிமாறினாள். பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஒங்க வீட்டுல யாரெல்லாம்ணே?"

எத்தனையோ கல்யாண வீடுகளில் அந்தக் கேள்விக்கு அவர் சிரித்திருக்கிறார். "மேடைதாம்மா வீடு" என்று ஏதாவது சொல்லியிருக்கிறார். இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரவின்னு ஒருத்தரு இருந்தாரும்மா. பதினேழு வருஷம். இப்போ அவங்க அக்கா வீட்டுல இருக்காரு."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. மலர்விழி, "எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள். அப்படி ஒருவர் கேட்பார் என்று அவர் நினைத்ததே இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "கணக்கு வாத்தியாரு. குளிக்கும்போது பாடுவாரு, ஒன்னு கூட சுதியில நிக்காது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் இன்னும் சொன்னார். ரவி கோபப்பட்டால் துணி மடிப்பது, மழையென்றால் பயப்படுவது, புளிப்பில்லாத மீன் குழம்பைத் தொடமாட்டேன் என்பது. மோர் வந்து, பாயசம் வந்து, இலை எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ரயில் காலியாக இருந்தது. சுபாங் ஜெயா நிலையத்தில் வண்டி நின்றபோது போனை எடுத்து ரவியைக் கூப்பிட்டார். மணி நீளமாக அடித்த பிறகு எடுத்தார்.

"என்னா சிவா? ஒடம்பு ஏதும் சரியில்லயா?"

"அதெல்லாம் இல்ல. சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"ஒரு விருந்துக்குப் போனேன். ஒன் பேர ஒரு எடத்துல சொன்னேன் ரவி."

ரவி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க? யாருகிட்ட?"

"பயப்படாத. நல்ல பிள்ளைங்க. நீ எப்படி இருப்பன்னு கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"பாட்டு வராதுன்னு சொன்னேன்."

ரவி சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. பின்னால் தனலெட்சுமியின் குரல், "யாருடா போன்ல?" என்று கேட்டது.

"பள்ளிக்கூடத்து ஆளு, அக்கா," என்றார் ரவி அந்தப் பக்கம் திரும்பி. பிறகு அவசரமாக, "நான் அப்புறம் கூப்பிடறேன்," என்றார்.

"சரி," என்றார் சிவநேசன்.

கிள்ளானில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நனைந்தபடியே கார் வரைக்கும் நடந்தார். வீட்டுக்கு வந்து, ஜிப்பாவைக் கழற்றி மாட்டி, மின்விசிறியைப் போட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். ரவி கூப்பிட்டால் தெரிவதற்காகப் போனை மேசைமேல் திரை மேலே இருக்கும்படி வைத்தார். பக்கத்து வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்க இருண்ட பிறகுதான் விளக்கைப் போட எழுந்தார்.